முடிவு வரி வராத லாட்கள்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் சாய ஆலையில், துணிக்குச் சாயமேற்றும் ஒவ்வொரு சாஃப்ட் ஃப்ளோ மெஷினையும் இயக்கும் கண்ட்ரோலர், தான் செய்வதையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். லாட் என்றால் ஒரே தடவையில் சாயமேற்றும் துணி. அதன் எண்ணுடன் ஒரு தொடக்க வரி, பிறகு தண்ணீர் எடுத்தது, சூடேறியது, உப்பும் சோடாவும் சாயமும் போட்டது, வடித்தது என்று வரிசையாக வரிகள், கடைசியில் ஒரு முடிவு வரி. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருப்பதுதான் ஒரு லாட்டின் கதை. ஒவ்வொரு லாட்டும் எத்தனை லிட்டர் தண்ணீர் குடித்தது என்று நிர்வாகம் கேட்டது.

இந்த ஊரில் அது வெறும் கணக்குக் கேள்வி அல்ல. 2011 ஜனவரியில், நொய்யலில் கழிவு கலப்பது தொடர்பான வழக்கில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பூஜ்ய வெளியேற்ற நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகு இங்கே ஒரு லிட்டர் தண்ணீர் என்றால், அதை வாங்கும் செலவோடு, சுத்திகரித்து மீட்டெடுக்கும் செலவும் சேர்ந்ததுதான்.

ஃபைலிலிருந்து ஒவ்வொரு லாட்டையும் பிரித்தெடுக்க முதலில் கைக்கு வருவது, சொன்ன எழுத்துகள் உள்ள வரிகளைத் தேடித் தரும் கிரெப். கென் தாம்சன் 1970களில் எழுதிய அந்தக் கருவிக்கு உலகம் என்பது ஒரு வரிதான். தொடக்க வரியைக் கண்டுபிடித்துத் தரும். பின்னால் வரும் இத்தனை வரிகளையும் கொடு என்றாலும் தரும். ஆனால் எத்தனை வரி என்று எப்படிச் சொல்வது? வெள்ளைக்குச் சாயமே கிடையாது, சீக்கிரம் முடிந்துவிடும். கறுப்பு என்றால் சாயமேற்றிய பிறகும் சோப்பு, அலசல், மறுபடி அலசல் என்று நீளும்.

பெல் ஆய்வகத்தில் 1977இல் பிறந்த, டெக்ஸ்ட் ஃபைலைக் கையாளும் ஆக் என்ற மொழி, இந்த வேலைக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். தொடக்க அடையாளம், ஒரு காற்புள்ளி, முடிவு அடையாளம். இவ்வளவுதான், நடுவில் இருப்பது முழுவதும் வந்துவிடும். வரிகள் ஒழுங்காக இருக்கும்வரை இதைவிட அழகான வழி இல்லை என்றே சொல்வேன். சிக்கல், முடிவு வரி வராத லாட்டில்தான். தொடக்கம் முதல் முடிவு வரையான தொகுதி திறந்தே இருப்பதால் அடுத்த லாட்டின் தொடக்க வரியையும் ஆக் சாதாரண வரியாக விழுங்கிவிட்டு, அந்த அடுத்த லாட்டின் முடிவில் போய் நிற்கும். இரண்டு லாட்டின் தண்ணீர் ஒரே லாட்டின் தலையில் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. பைத்தான் மொழியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறியீடு) எழுதினாலும் இதே கதைதான். பேராசைக்கார வடிவம் முதல் தொடக்கத்திலிருந்து ஃபைலின் கடைசி முடிவு வரை அள்ளும். அடக்கமான வடிவம் அருகிலுள்ள முடிவோடு நிற்கும், ஆனால் நடுவில் இன்னொரு தொடக்கம் கடந்து போனதை அதுவும் கவனிக்காது.

முடிவு வரி ஏன் வராமல் போகிறது என்று இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். “கரண்ட் போனால் சொல்லிவிட்டா போகும், தம்பி?” என்றார்.

ஆகவே, வரிக்கு வரி படித்து, லாட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும் பழைய முறைக்கே வந்தேன். திறந்திருக்கும்போது இன்னொரு தொடக்கம் வந்தால், பழையதை ‘முடியாதது’ என்று வரி எண்ணோடு ஒதுக்கிவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும். திறக்காமலே முடிவு வந்தாலும், ஃபைல் தீரும்போது லாட் திறந்தே கிடந்தாலும் அதையும் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்ட டையிங் மாஸ்டர் ஒரே கேள்வியில் மடக்கினார்: டாப்பிங்குக்கு என்ன செய்வீர்கள்? ஷேடு சேராவிட்டால் லாட் முடியும் முன்பே சாயம் கூட்டுவார்கள். அப்போது கண்ட்ரோலர் உள்ளுக்குள் இன்னொரு தொடக்கமும் முடிவும் எழுதும். தொகுதிக்குள் தொகுதி. தொடக்கத்தைக் கண்டதும் பழையதை முறித்தால், டாப்பிங் போட்ட லாட்டெல்லாம் துண்டாகிவிடும். விடை லாட் எண்ணில் இருந்தது: அதே எண் என்றால் டாப்பிங், எத்தனை தொகுதி திறந்திருக்கிறது என்ற ஆழத்தை ஒன்று கூட்டு, வேறு எண் என்றால் முந்தையது பாதியில் நின்றது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் இந்த முடிவு கிடைத்திருக்காது, மாஸ்டரிடம் கிடைத்தது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. கண்ட்ரோலரின் விண்டோஸ் கணினி ஒவ்வொரு வரியின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்றைக் கூடுதலாக வைக்கும். லினக்ஸில் முடிவு வரியை முழு வரியாகத் தேடினால் பொருந்தவே பொருந்தாது. வாலை நறுக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். குறிப்புக் கட்டத்தில் ஆபரேட்டர்களே ‘லாட் எண்ட்’ என்று தட்டிவைப்பதும் உண்டு. அதனால் வரியின் முதலிலேயே வந்தால்தான் அடையாளம்.

ஐரோப்பிய பையர்கள் ஆர்டர் அனுப்பும் எடிஃபாக்ட் வடிவத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். 1980களிலேயே வகுத்தது. அங்கே மூடும் பகுதியிலேயே உள்ளே எத்தனை பகுதிகள் என்ற எண்ணிக்கையும், திறந்தபோது கொடுத்த அதே குறிப்பு எண்ணும் இருக்கும். நடுவில் ஒன்று தொலைந்தால் கணக்கு இடித்துக் காட்டிக்கொடுக்கும். எங்கள் கண்ட்ரோலரோ ஆள் உள்ளே போனதை எழுதி, வெளியே வந்ததை எழுத மறக்கும் கேட் ரிஜிஸ்டர்.

தண்ணீர் அறிக்கை இப்போது நிர்வாகத்துக்குப் போகிறது. முடியாத லாட்களின் பட்டியலை மாஸ்டருக்காகத் தனியே அச்சிட்டு வைக்கிறேன். ஆனால் காலையில் அதை முதலில் கேட்டு வருபவர் எலெக்ட்ரீஷியன். ஒரே நிமிடத்தில் பாதியில் நின்ற மெஷின்கள் எவை என்று பார்த்தால், இரவில் எந்த பேனல் டிரிப் ஆனது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறதாம்.