பிஎஸ்ஐஆர் இரண்டாம் தாள்: 97-லிருந்து 129-க்குப் போன கதை

குடிமைப் பணித் தேர்வின் இறுதிப் பட்டியல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து என் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்வது இன்னும் நிற்கவில்லை. மூன்றாவது முயற்சி. தமிழில்தான் எழுதினேன். விருப்பப் பாடம் பிஎஸ்ஐஆர், அதாவது அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும். முதல் இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது அதன் இரண்டாம் தாள்: முதலில் 91, அடுத்து 97. இந்த முறை 129. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

முதல் முயற்சியின்போது ஒரு மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது: பெருந்தொற்றிலிருந்து மீள வளரும் நாடுகளிடையே உள்ள ஒத்துழைப்பு எப்படி உதவும்? பாடத்திட்டத்தில் 'இந்தியாவும் உலகளாவிய தெற்கும்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்குள் வருவது. தெற்கு என்றால் வளரும் நாடுகள், வடக்கு என்றால் பணக்கார நாடுகள். எனக்குப் பிடித்த பகுதி. வளரும் நாடுகளின் மாநாடுகளையும் கூட்டணிகளையும் வரிசையாக அடுக்கினேன்: பாண்டுங் 1955, ஜி77 1964, புவனோஸ் ஐரிஸ் செயல்திட்டம் 1978, இப்சா, பிரிக்ஸ், இந்தியா வெளிநாடுகளுக்கு ஊசி அனுப்பிய 'தடுப்பூசி நட்புறவு', கடைசியில் 'உலகமே ஒரு குடும்பம்' என்னும் வசுதைவ குடும்பகம். ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டேன். திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: "யாருக்கு என்ன கிடைத்தது?" இருபதுக்கு ஆறு.

அந்த வரியை நான் சட்டை செய்யவில்லை. ஆண்டுகளையும் பெயர்களையும் இன்னும் கூட்டினால் மதிப்பெண் ஏறும் என்று நம்பினேன். இரண்டு வருடம் போனது அந்த நம்பிக்கையால்தான். தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு என்றாலே நம் பேனா வாழ்த்துரை எழுதத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்தேன். அம்மா திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். ஒருநாள் இரவு சாப்பிடும்போது 2021-இல் கொரோனா ஊசி போட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒரு குப்பியில பத்து டோஸ். பத்துப் பேர் சேராம திறக்க மனசு வராது. திறந்துட்டா நாலு மணி நேரம்தான்" என்றார். ஏப்ரலில் ஆள் சேரவில்லை என்று வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டவர், மே மாதம் வரிசையில் நின்றவர்களிடம் ஊசி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். "அந்த மருந்து எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டேன். "பூனாவுல இருந்து" என்றார்.

அன்றிரவு நோட்டை எடுத்து நடுவில் 'புனே' என்று எழுதி, அங்கிருந்து கோடுகள் இழுக்கத் தொடங்கினேன். ஒரு குப்பி எங்கே செய்யப்பட்டது, யார் பணம் கொடுத்தார்கள், எங்கே போனது, எங்கே நின்றது. நான் செய்த ஒரே மாற்றம் இதுதான். நாடுகளின் பெயர்களைப் படிப்பதை விட்டுவிட்டுக் குப்பியைப் பின்தொடர்ந்தேன்.

என் நோட்டில் இருந்த பயணங்களில் மூன்றைச் சொல்கிறேன்.

புனே – திம்பு. இந்தியா வெளிநாடுகளுக்கு ஊசி அனுப்பத் தொடங்கியது 2021 ஜனவரி 20. முதலில் போனது பூடானுக்கும் மாலத்தீவுக்கும். பூடான் வந்ததை உடனே போடவில்லை. எல்லாருக்கும் போதுமான அளவு சேரும்வரை காத்திருந்து, நல்ல நாள் பார்த்து, மார்ச் 27 அன்று ஆரம்பித்தது. குரங்கு ஆண்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு முதல் ஊசி. சுமார் இரண்டு வாரத்தில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கு மேல் போட்டு முடித்துவிட்டார்கள். அதற்குள் இங்கே இரண்டாம் அலை. ஏற்றுமதி நின்றது. இரண்டாம் டோஸுக்கு அந்தச் சின்ன நாடு ஜூலை வரை காத்திருந்து, அமெரிக்கா கொடுத்த ஐந்து லட்சம் மாடர்னா ஊசியையும் டென்மார்க் கொடுத்த ஆஸ்ட்ராஜெனிகாவையும் வைத்து முடித்தது. அதாவது தெற்கு தொடங்கி வைத்ததை வடக்குதான் முடித்துக் கொடுத்தது.

புனே – அக்ரா. கோவேக்ஸ் திட்டத்தின் முதல் சரக்கு 2021 பிப்ரவரி 24 அன்று கானாவில் இறங்கியது: ஆறு லட்சம் டோஸ், எல்லாம் புனேயில் செய்தது. ஏழை நாடுகளுக்கான அந்தத் திட்டம் பெருமளவு நம்பியிருந்தது ஒரே நாட்டின் ஒரே உற்பத்தியாளரை. அந்த நாட்டில் நோய் ஏறியதும் கானா முதல் நேபாளம் வரை எல்லாரும் ஒன்றாக நின்றுபோனார்கள். அக்டோபரில்தான் ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது.

கெபேகா – ஐரோப்பா. இதைத்தான் யாரும் எழுதுவதில்லை, அதனால் நீங்கள் எழுதுங்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் 2020 நவம்பரில் தனக்கென்று ஒரு தடுப்பூசிக் கொள்முதல் குழுவை அமைத்தது. கண்டத்தின் சொந்த வங்கியான ஆப்ரெக்ஸிம் வங்கி 200 கோடி டாலர் வரை உத்தரவாதம் கொடுக்க, 2021 மார்ச்சில் ஜான்சன் அண்ட் ஜான்சனுடன் 22 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் ஆனது. ஊசியைக் குப்பிகளில் நிரப்பும் வேலை தென்னாப்பிரிக்காவின் கெபேகாவில் உள்ள ஆஸ்பென் ஆலையில். ஆனால் அங்கே நிரப்பிய குப்பிகளில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குப் போனது ஆகஸ்டில் வெளியே வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பிறகு ஆப்பிரிக்காவுக்கென்றே தன் பெயரில் விற்க ஆஸ்பென் உரிமம் பெற்றது. 2022-இல் பார்த்தால் அதற்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. ஆலை இருந்தது, உரிமம் இருந்தது, வாங்குபவர் இல்லை. உற்பத்தியை மட்டும் பேசி, வாங்குவோம் என்ற உறுதியைப் பேசாத ஒத்துழைப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு டிரிப்ஸ் விலக்கு, அதாவது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்திலிருந்து கேட்ட விலக்கு, தானாகப் புரிந்தது. முன்பெல்லாம் '2020 அக்டோபர் 2, இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். ஊசி, மருந்து, பரிசோதனைக் கருவி எல்லாவற்றுக்கும் கேட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் கூட நின்றன. 2022 ஜூனில் ஜெனிவாவில் கிடைத்தது ஊசிக் காப்புரிமைக்கு மட்டும், ஐந்து வருடத்துக்கு. காப்புரிமை தளர்ந்தாலும் செய்முறை தெரிய வேண்டுமே. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் கேப் டவுனில் ஆதரித்த எம்ஆர்என்ஏ தடுப்பூசித் தொழில்நுட்ப மையத்தை இதோடு சேர்த்தே எழுத வேண்டும். மாடர்னா செய்முறையைத் தரவில்லை. அந்த மையத்தை நடத்தும் ஆஃப்ரிஜென் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பொதுவெளியில் இருந்த தகவலைக்கொண்டு 2022 தொடக்கத்தில் அதே மாதிரி ஊசியை ஆய்வக அளவில் செய்து காட்டினார்கள். அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் நாடுகளின் வரிசையில் இந்தியா, வங்கதேசம், பிரேசில், அர்ஜென்டினா, செனகல் எல்லாம் உண்டு.

இனி நான் செய்த இரண்டாவது தப்பு. சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் சின்னத் தப்பு இல்லை. கேள்வியில் 'மீட்சி' என்று இருந்தது. நான் ஊசியோடு நின்றேன். மீட்சி என்றால் கடன், அந்நியச் செலாவணி, சோறு. 2021 ஆகஸ்டில் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) 65,000 கோடி டாலர் மதிப்புக்கு எஸ்டிஆர் என்ற கையிருப்புச் சொத்தை உறுப்பு நாடுகளுக்கு ஒதுக்கியபோது ஆப்பிரிக்கா முழுவதற்கும் வந்தது சுமார் 3,300 கோடி. நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்கைப் பொறுத்துத்தான் ஒதுக்கீடு. இந்த இடத்தில் நான் எழுதும் உதாரணம் இலங்கை. சுற்றுலா படுத்து டாலர் வற்றிக்கொண்டிருந்த 2021-இல் வங்கதேசம் 20 கோடி டாலரை நாணயப் பரிமாற்றமாகக் கொடுத்தது. ஒரு காலத்தில் பஞ்சத்துக்குப் பெயர்போன நாடு அது. இலங்கை அதை 2023-இல் திருப்பிக் கட்டியும் விட்டது. 2022-இல் இந்தியா எரிபொருள், உணவு, மருந்துக்குக் கடன், ஏசியூ (ஆசிய நாடுகளின் வர்த்தகக் கணக்குத் தீர்வு அமைப்பு) பாக்கியைத் தள்ளிவைத்தது என்று ஏறத்தாழ 400 கோடி டாலர். அந்த மே மாதம் சென்னையிலிருந்து தமிழ்நாடு அனுப்பிய முதல் கப்பலில் 9,000 டன் அரிசி. 2023 ஜனவரியில் ஐஎம்எஃப் கேட்ட கடன் உறுதியை முதலில் கொடுத்ததும் இந்தியா. பாரிஸ் கிளப் (கடன் கொடுத்த, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் குழு), சீனா, இந்தியா என்று கடன் கொடுத்தவர்கள் தனித்தனி மேசையில் உட்கார்ந்தால் மீட்சி எவ்வளவு தள்ளிப்போகும் என்பதையும் இதிலேயே சொல்லிவிடலாம். ஜாம்பியா 2020 நவம்பரில் கடன் தவணை தவறியது; கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு காணவே 2023 வரை அலைந்தது.

இப்போது நேரடியான குறிப்புகள்:

- 20 மதிப்பெண் கேள்விக்கு ஒரு பயணம் முழுதாக, இன்னொன்று ஒரே வரியில். மூன்றுக்குப் போகாதீர்கள்.
- பாண்டுங்குக்கு அரை வரி. திருத்துபவருக்கு அது தெரியும்.
- விடையில் ஒரு வினைச்சொல்லாவது 'நின்றது', 'திரும்பியது', 'கிடைக்கவில்லை' என்று இருக்கட்டும்.
- வரைபடம் போடத் தெரிந்தால் போடுங்கள். நான் நான்கு புள்ளி, மூன்று அம்பு. நாற்பது விநாடி.
- கியூபாவை விடாதீர்கள்: சொந்தமாக அப்தலா, சோபெரானா என்ற ஊசிகள். அப்தலா வியட்நாமுக்குப் போனது, சோபெரானாவை ஈரானோடு சேர்ந்து சோதித்துத் தயாரித்தார்கள்.
- ஊசி இல்லாத உதாரணம் ஒன்று வேண்டும். 2020 தொடக்கத்திலேயே இலங்கை மருத்துவத் தகவல் குழு டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளில் கொரோனா கண்காணிப்புப் பகுதியை உருவாக்கியது. பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன.
- இனி எழுதுபவர்கள் 2025 மே 20 அன்று உலக சுகாதார மாமன்றம் ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு ஊசியில் பங்கு உண்டா என்பதுதான் அதன் உயிர்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்தில் 250 சொல் பிடிப்பது நமக்கு 170, 180-க்குள் அடங்கிவிடும். சொல் எண்ணிக்கையைப் பார்த்து நிரப்பாதீர்கள். நிறுவனப் பெயர்களை மொழிபெயர்த்து நேரத்தைக் கொல்லவும் வேண்டாம், கோவேக்ஸ் கோவேக்ஸாகவே இருக்கட்டும். நான் மெதுவாக எழுதுகிறவள், அதிகம் படிப்பதைவிடக் கொஞ்சத்தைத் தோண்டுவதுதான் எனக்கு ஒத்துவரும். வேகமாக எழுதுகிறவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

நேர்முகத் தேர்விலும் இது வந்தது. ஒரு அம்மையார் கேட்டார்: "பூடான் காத்திருக்கும்போது இந்தியா நிறுத்தியது சரியா?" அம்மாவின் வரிசையைச் சொன்னேன். மே மாதம் திருப்பி அனுப்பியவர்களில் ஏழு பேர் எங்கள் தெருக்காரர்கள், அந்த நேரத்தில் ஊசியை வெளியே அனுப்பு என்று என்னால் சொல்லியிருக்க முடியாது என்றேன். "அப்படியானால் பூடானுக்கு என்ன சொல்வீர்கள்?" என்றார். எத்தனை டோஸ் உறுதி, எந்த நிலையில் நிறுத்துவோம், நிறுத்தினால் வேறு எந்த ஆலையிலிருந்து வரும் என்பதை ஊசி கொடுக்கும் அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதற்கு நம்மைப் போன்ற நாடுகளில் இன்னும் நான்கைந்து இடத்தில் ஆலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் சரக்கை நாமும் வாங்க வேண்டும் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி திண்டுக்கல் பூட்டுக்குப் போய்விட்டது.