வரவுப் பக்கத்தையும் காட்டுங்க

அமெரிக்காவின் அரிசோனாவில், ரெண்டு வருஷப் படிப்பு தர்ற அரசு கல்லூரிகளை நடத்துற மாரிகோபா கம்யூனிட்டி காலேஜ் நிர்வாகம் 2018 பிப்ரவரியில் ஒரே அறிவிப்பில் தன் நாலு கல்லூரிகளோட அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளுக்கு முடிவு கட்டியது. க்ளெண்டேல், மேசா, ஃபீனிக்ஸ், ஸ்காட்ஸ்டேல். அந்த வருஷ சீசனோடு சரி.

பணமில்லைன்னு சொன்னாங்க. அது பொய்யில்லை. 2015-லேயே மாநில அரசு மாரிகோபாவுக்கான நிதியை அடியோட நிறுத்திடுச்சு. மிஞ்சினது பெரும்பாலும் சொத்து வரியும் மாணவர் கட்டணமும்தான். ஃபுட்பாலோ ஆள் பலம் கேட்கிற ஆட்டம். ஆளுக்கொரு ஹெல்மெட், தோள் கவசம், வெளியூர் ஆட்டத்துக்கு பஸ், எல்லாத்துக்கும் மேல அடிபட்டா பார்க்க இன்சூரன்ஸ்.

ஆனா வரவுக் கணக்கை யார் பேசினாங்க? என் கோபமே அதுதான். இந்த மாதிரி ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜ் அணியில ஆடணும்னா பொதுவா ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் பாடம் எடுத்து முழுநேரமா படிச்சாகணும். அந்தக் கட்டணம் கல்லூரிக்குத்தானே வருது! ஆட்டம் இல்லைன்னா இந்தப் பசங்கள்ல பலர் வகுப்புப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க. பெரிய யுனிவர்சிட்டிக்குப் போக அவங்களுக்கு இருந்த வழியே இதுதான். பேஸ்பால் ஜாம்பவான் ஜாக்கி ராபின்சன்கூட பசடீனா ஜூனியர் காலேஜில் ஃபுட்பால் ஆடிட்டுத்தான் லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ யுனிவர்சிட்டிக்குப் போனார்.

அரிசோனாவிலேயே டூசான் நகரத்து பீமா கம்யூனிட்டி காலேஜும் அதே 2018-ல ஃபுட்பாலை மூடிடுச்சு.