வாட்ஸ்அப்புக்கு இறந்தகாலம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையருக்கு மெயில் போட்டே பாதி நாள் ஓடிவிடும். போன வாரம், புதிதாகச் சேர்ந்த காங்கேயத்துத் தம்பி காலர் ரிப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதை மெயிலில் எழுதப்போய்ப் பாதி வரியில் நின்றுவிட்டான்.

"ஏனுங்கண்ணா, வாட்ஸ்அப்புக்குப் பாஸ்ட் டென்ஸ் என்னங்க?"

"வாட்ஸ்அப்டு, ஈடி போடு."

போட்டான். கீழே சிவப்புக் கோடு விழுந்தது. என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அவனுக்காகச் சொல்கிறேன்: ஆங்கிலத்தில் இன்றைக்குப் பிறக்கிற வினை அநேகமாக ஈடி வாசல் வழியாகத்தான் வரும். கூகுள் 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வினையாக ஏறியது, இறந்தகாலம் கூகுள்டு. ஸ்டாண்ட் என்றால் ஸ்டுட். ஆனால் கூட்டத்துக்காகச் சீன் போடுவதைச் சொல்லும் கிராண்ட்ஸ்டாண்ட், கிராண்ட்ஸ்டாண்டெட் ஆகிறது. அது மைதானத்து மேடையின் பெயரிலிருந்து வந்த வினை. பெயர்ச்சொல்லுக்கு ஏது இறந்தகாலம்? புதிதாகத்தான் ஒட்ட வேண்டும்.

1958-ல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், 'கிளிங்' என்று இல்லாத ஒரு வினையைச் சொல்லி, நேற்று செய்ததை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். குழந்தைகள் பெரும்பாலும் கிளிங்டு என்றார்கள். பெரியவர்கள் பலர் சிங்-சேங் ஞாபகத்தில் கிளேங், கிளங் என்றார்கள். ரொம்பப் படித்தால் இப்படித்தான்.

நம்மிடமும் வாசல்கள் பல: ஓடினேன், நின்றேன், போட்டேன், படித்தேன். வடமொழியிலிருந்து வந்த யோசி, ரசி, நேசி எல்லாம் வரிசையாகப் 'படித்தேன்' பக்கம் போய் நின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அந்த அலைச்சலும் இல்லை, பின்னால் ஒரு பண்ணு போதும். ஒரு காலத்தில் வலைப்பதிவர்கள் சிலர் 'கூகுளினேன்' என்று எழுதிப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அம்மாவுக்கு எப்போதும் "போன் பண்ணுனேன், நீ எடுக்கலை"தான்.

சரி, சிவப்புக் கோட்டோடேயே மெயில் போனது. சாயங்காலம் ஒரே வரியில் பதில்: காலர், ஓகே, மேலே ஒரு ஒற்றைக் குறி, அப்புறம் ஒரு டி. தம்பி எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, ஓகே பண்ணிட்டாங்களாங்க?"