பீர் கேமில் ஆள்வாரி மார்க்

பீர் கேம் என்பது ஆலையிலிருந்து கடை வரை சரக்கு நகர்வதை நான்கு பேர் ஒரு டீமாக ஆடிப் பார்க்கும் பயிற்சி விளையாட்டு. அதில் செலவை டீமுக்குத்தான் கூட்ட வேண்டும், ஆளுக்கு அல்ல. நான் அதை நடத்தப் போன ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். மேலாளர் கேட்டதோ ஆள்வாரி ரேங்க். "யார் யார் எவ்வளவு நஷ்டம்னு ஒரு லிஸ்ட் கொடுங்க சார், போர்டுல ஒட்டினா அடுத்த தடவை சீரியஸா ஆடுவாங்க" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்பதில்தான் இன்னும் குழப்பம்.

என் பக்க நியாயம் இது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு இருக்கைகள். பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். சீட்டு போய்ச் சேர இரண்டு வாரம், சரக்கு வர இரண்டு வாரம். தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் 12 பெட்டி கையிருப்பு, வழியில் வரும் சரக்குக்காகப் பலகையில் உள்ள கட்டங்களில் நான்கு நான்கு பெட்டி. இந்தக் கட்டங்களை நிரப்ப மறந்தால் ஆட்டமே கெட்டுவிடும். ஒரு பெட்டி ஒரு வாரம் தேங்கினால் 50 காசு. கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்தால் 1 ரூபாய் (மூல விதியில் சென்ட், டாலர்). 50 வாரம் என்று அறிவித்து 36-இல் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வாரங்களில் ஆர்டரை நிறுத்திச் செலவை மிச்சம் பிடிப்பார்கள்.

வாடிக்கையாளர் ஆர்டர் நான்கு வாரம் 4, ஐந்தாம் வாரம் முதல் 8, அதன்பின் மாறவே மாறாது. அந்த ஒரே ஏற்றம் ஆலையை எட்டும்போது பேரலையாகிவிடுகிறது. தட்டுப்பாட்டில் பதறி ஆர்டரைக் கூட்டுகிறார்கள், ஏற்கெனவே போட்டு வழியில் வந்துகொண்டிருப்பதைக் கழிப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் ஆர்டர் எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னால், சில்லறைக் கடைக்காரரைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் மேடும் பள்ளமுமாகக் கிறுக்குவார்கள். நிஜக் கோட்டைக் காட்டும் அந்த நிமிடத்துக்காகத்தான் மற்ற பாடெல்லாம். அதன் மேல் தனிநபர் ரேங்கை ஒட்டினால் பழி மறுபடி ஆள் மேல் போய்விடும்.

இதைத்தான் மேலாளரிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஸ்டோர்ஸ்காரர் குறுக்கே வந்தார்: "மாசக் கடைசில எங்க நம்பரைத் தனித்தனியாத்தானே சார் பாக்குறாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வேலை பார்க்கும் இடத்தில் கையிருப்பு அவர் தலையில், பாக்கி விற்பனைப் பிரிவின் தலையில். அப்படியானால் ஆள்வாரி மார்க்தான் அவர்கள் நிஜத்துக்கு நெருக்கம். போதாக்குறைக்கு, எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த ஆட்டத்தை வைத்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில் டீம் செலவைக் குறைப்பதுதான் இலக்கு; ஆளுக்கு ஒரு டாலர் போட்டுச் சேர்த்த பணம் ஜெயிக்கும் டீமுக்கு. அப்படியும் செலவு, இருந்திருக்க வேண்டியதைப் போல சராசரியாகப் பத்து மடங்கு. டீமாகக் கூட்டியதால் யாரும் நிதானமாக ஆடிவிடவில்லை. ஆக, என் பிடிவாதம் ஆட்டத்துக்காக அல்ல, அதன்பின் நடக்கும் பேச்சுக்காக. அந்தப் பேச்சு நாற்பது நிமிடம். மேலாளரின் போர்டு வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கும்.

டீம் கணக்கை மட்டும் அனுப்பினேன். ஆனால் வாரவாரியாக ஒவ்வொருவரும் எழுதிய தாள்கள், மேலே பெயரோடு, அவர்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. ஆள்வாரியாகக் கூட்டிப் பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்.