கதை எங்கே திரும்புகிறது?

கதையின் திருப்புமுனை எது என்று கேட்டால் பிள்ளைகள் அதிகச் சத்தம் கேட்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். சண்டை, சாவு, இல்லையென்றால் ஒப்பாரி. 'கதையின் போக்கு மாறும் இடம்' என்ற வரையறையை ஒப்பிப்பதில் குறை இருக்காது. கதையைக் கையில் கொடுத்தால்தான் விரல் வேறெங்கோ போய் நிற்கும்.

அதனால் நான் வடை திருடிய காக்காவில் தொடங்குவேன். "வடை விழுந்ததுதான் ஐயா!" என்று வகுப்பே கத்தும். சரி, வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிய காக்கா கதை தெரியுமா? அதுவும் தெரியும். அதிலும் அதே நரி, அதே புகழ்ச்சி. அப்படியானால் கதையை மாற்றியவர் எங்கே கை வைத்தார்? பாட ஆசைப்பட்ட காக்கா வாய் திறப்பதற்குச் சற்று முன்னால். இது பிடிபட்டதும் 'இந்த இடத்தில் இவர் வேறு மாதிரி நடந்திருந்தால்?' என்ற கேள்வியை அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர்கள் எழுதும் கதைகளிலும் இது உதவுகிறது. 'திடீரென்று வெள்ளம் வந்தது', 'திடீரென்று பேய் வந்தது' என்று எழுதுகிறவர்களிடம், அதற்கு முன்னால் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்டால் போதும்.

சுவையான சண்டை வருவது ஒன்பதாம் வகுப்பில், கோவலன் கதையைச் சொல்லும்போது. முதலில் எல்லாரும் கண்ணகி சிலம்பை உடைப்பதைச் சொல்வார்கள். ஆனால் அதற்குள் கோவலன் செத்துவிட்டானே? பின்னால் நகர்வார்கள். அரசியின் ஊடலைத் தணிக்கப் போகிற அவசரத்தில், விசாரிக்காமலே கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொன்ன பாண்டியன். அதற்கும் முன்னால் பொற்கொல்லனின் பொய். இன்னும் முன்னால் புகார்க் கடற்கரை. மாதவியின் பாட்டை வேறு விதமாக எடுத்துக்கொண்டு கோவலன் எழுந்து போகிறான்.

ஒருமுறை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "திரும்பி வந்தவன்கிட்ட கண்ணகி சிரிச்சிட்டே 'சிலம்பு இருக்கு, எடுத்துக்கோங்க'ன்னு சொன்னாளே ஐயா, அங்கதான்." மாதவிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் நிற்கிறான் என்று நினைத்துச் சொன்ன சொல் அது. அந்தச் சிலம்பை முதலாக வைத்து வியாபாரம் செய்யலாம் என்றுதான் அவன் மதுரைக்குக் கிளம்புகிறான்.

"அப்போ தப்பு அவ மேலயா?" என்று ஒரு பையன் பாய்ந்தான். "தப்புன்னு யாரு சொன்னா? கதை அங்க திரும்புதுன்னுதான் சொன்னேன்" என்றாள் அவள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் புரியவைக்க நான் ஒரு முழுப் பாடவேளை பேசியிருப்பேன்.

தேர்வில் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரே விடைதான் எதிர்பார்க்கப்படும். என் திருத்தலில் பாண்டியனுக்கும் மாதவிக்கும் கண்ணகிக்கும் முழு மதிப்பெண் உண்டு. ஏன் என்று இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.