அவ்வை சண்முகம்: பாய்ஸ் கம்பெனியிலிருந்து காமிரா வரை

நாடக நடிகர் டி.கே. சண்முகத்தைப் பற்றி எழுதுவதென்றால் ஆர்மோனியத்தின் சுருதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மைக் வராத காலம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும் நாடகம் விடிய விடிய நடக்கும். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டும் வசனமும் கேட்டாக வேண்டும். சிறுவர்களைக் கொண்ட 'பாய்ஸ் கம்பெனி'கள் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். உடையாத பிள்ளைக் குரல் நாலு, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் சிரமமில்லாமல் நிற்கும், தூரமும் போகும். ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடத்துக்கும் அந்தக் குரலே போதும்.

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. பதின்மூன்று, பதினாலு வயதில் மகரக்கட்டு வந்துவிடும், அதாவது பிள்ளைக் குரல் உடையும். நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடியவனுக்கு இன்று இரண்டு கட்டை எட்டாது. பாதிப் பாட்டில் குரல் கீறிவிடும். அந்த நேரத்தில் பிடிவாதமாகப் பழைய சுருதியிலேயே கத்திப் பாடிய பையன்கள் பலர் குரலை ஒரேயடியாகப் போக்கிக்கொண்டார்கள். செய்ய வேண்டியது மூன்றே: தொண்டைக்கு ஓய்வு கொடுப்பது, சுருதியை இறக்குவது, குரல் நிலைக்கும்வரை பேச்சு வேடங்களில் இருப்பது. ராஜபார்ட் என்ற கதாநாயக வேடம் போடும் பையனைக் கூட்டத்தில் நிறுத்தக் கம்பெனி முதலாளிக்கு மனம் வராது. அதனால் பல பிள்ளைகளின் நடிப்பு வாழ்க்கை மீசை முளைக்கும் முன்பே முடிந்துபோனது. சண்முகம் அந்தக் கண்டத்தைத் தாண்டி, பாட்டுக் காலத்திலும் பேச்சுக் காலத்திலும் நின்றவர். அவர் பெருமையை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

பிறந்தது திருவனந்தபுரத்தில், 1912 ஏப்ரல் 26. தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர். 1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது அண்ணன்மார் சங்கரன், முத்துசாமியோடு ஆறு வயதுச் சண்முகமும் அதில் சேர்ந்தார். சண்முகத்தை மனதில் வைத்துச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில், பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார். அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு தொழில் நுட்பம் உண்டு. பையன் எந்தச் சுருதியில் நிற்பான், எந்த அடியில் மூச்சு வாங்குவான், வசனத்தை எவ்வளவு நீளம் தாங்குவான் என்பது ஆசிரியருக்கு அத்துப்படி. வேடத்தைப் பையனின் அளவுக்கே வெட்டித் தைத்தார்.

சுவாமிகள் 1922இல் காலமானார். 1925 மார்ச் 31ஆம் தேதி சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் சொந்தமாக மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். இளையவர் பகவதியும் சேர, நால்வரும் டி.கே.எஸ். சகோதரர்கள் ஆனார்கள்.

இவர்களின் நடிப்பைத் திருப்பிவிட்டவர் நாடக ஆசிரியர் எம். கந்தசாமி முதலியார். நாவல்களை நாடகமாக்கினார், பாட்டைக் குறைத்தார், உரைநடை வசனத்தைக் கொண்டுவந்தார். பழைய இசை நாடகத்தில் வசனம் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் வழி. எதிரில் நிற்பவர் என்ன சொன்னாலும் அடுத்த பாட்டு வந்துவிடும். சமூக நாடகத்தில் எதிராளி பேசுவதைக் காதில் வாங்காமல் பதில் சொன்னால் பொய் அப்பட்டமாகத் தெரியும். கேட்பதும் நடிப்பு என்பதை இந்தப் பையன்கள் அவரிடம்தான் படித்தார்கள்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' அப்படி மேடைக்கு வந்த கதை. 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் அது படமானபோது சகோதரர்களும் அதே குழுவின் என்.எஸ். கிருஷ்ணனும் நடித்தார்கள். மேடை நடிகர்களுக்கு அன்றைய பேசும் படம் பெரிய இடைஞ்சல். படம் பிடிக்கும்போதே ஒலிப்பதிவும் நடக்கும். மைக்கை விட்டு இரண்டடி தள்ளினால் குரல் தேயும், கொட்டகைக்குப் பேசுவதுபோல் பேசினால் ஒலி சிதையும். கடைசி வரிசைக்காக வீசிப் பழகிய கை, நெருக்கக் காட்சியில் காமிராவின் சட்டத்தை விட்டு வெளியே போய்விடும்.

'அவ்வை' என்ற பட்டத்தைத் தந்த அவ்வையார் வேடம் 1940களில் வந்தது. முப்பதை ஒட்டிய ஆண் ஒருவர் கிழவியாக வந்து, பாடவும் செய்து, முழு நாடகத்தையும் தாங்க வேண்டும். கிழவேடம் போடுபவர் கழுத்தைக் குனிந்தால் தொண்டை மடங்கிக் குரல் அடைபடும். கூனல் இடுப்பிலும் முழங்காலிலும் இருக்க வேண்டும், கழுத்து நீண்டே நிற்க வேண்டும். பொக்கை வாய்க்காக உதட்டை உள்ளே மடித்தால் 'ச'வும் 'ஸ'வும் குழறும், பாட்டின் சொல் போய்விடும். நடுக்கத்தைத் தொடக்கத்திலேயே கொட்டிவிட்டால் கடைசிக் காட்சிக்கு எதுவும் மிஞ்சாது. முகச்சுருக்கக் கோடு மேடை விளக்குக்குக் கறுப்பாக விழ வேண்டும், மெலிசாகப் போட்டால் ஐந்தாவது வரிசையில் மறைந்துவிடும். இத்தனையும் சரியாக வந்ததால்தான் ஆண் நடிகர் ஒருவரின் பெயருக்கு முன்னால் அவ்வை ஒட்டிக்கொண்டாள்.

அந்த நடிப்பு படத்தில் இல்லை. ஜெமினி ஸ்டூடியோவின் 'ஔவையார்' படம் 1953இல் வந்தபோது நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவர் பாட்டுக்கு ஈடில்லை, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆனால் சண்முகத்தின் அவ்வை அன்று கொட்டகையில் பார்த்தவர்களோடு போய்விட்டது. தமிழ் மேடைக்கு அது பெரிய இழப்பு.

நடிப்புக்கு வெளியிலும் அவர் நிறையச் செய்தார். 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடக மாநாட்டைக் கூட்டியதில் சகோதரர்களின் பங்கு பெரிது. அரு. ராமநாதனின் 'ராஜராஜ சோழன்' இவர்கள் மேடையேற்றியது, தலைப்பு வேடம் பகவதிக்கு. சிறுவன் கமல்ஹாசனும் இந்தக் குழுவில் பயின்றவர்தான். 1971இல் பத்மஸ்ரீ. 1972இல் 'எனது நாடக வாழ்க்கை' நூல். 1973 பிப்ரவரி 15இல் மறைவு. கம்பெனி வாழ்க்கை உள்ளே எப்படி இருந்தது என்று அறிய அந்த நூலைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

அவர் நடிப்பைக் கண்ணால் பார்க்க 'கப்பலோட்டிய தமிழன்' (1961) போதும். சுப்பிரமணிய சிவாவாக வருகிறார். சிறையிலிருந்து வெளிவரும் வ.உ.சி.க்கு, தொழுநோயால் உருமாறி நிற்கும் சிவாவை அடையாளம் தெரியாத காட்சியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். எதிரே சிவாஜி கணேசன், அவரும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். முதல் தடவை ஒலியோடு பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை அடக்கிவிட்டு, சிவாஜி பேசும்போது சண்முகம் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். கந்தசாமி முதலியார் கற்றுக்கொடுத்தது அதில் தெரியும்.