கித்தியனான ஈத்தாய்

ஓய்வுநாள் பள்ளியில் பெலிஸ்தரின் காத் ஊரைப் பற்றி நாங்கள் கற்றதெல்லாம் கோலியாத்தோடு முடிந்துவிட்டது. அதே ஊரிலிருந்து வந்த (அதனால்தான் ‘கித்தியன்’) ஈத்தாய் என்பவன் தாவீதின் படையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தலைவனாக நின்றான் என்பது, வேதாகமத்தின் இரண்டாம் சாமுவேல் புத்தகத்தை அண்மையில் நிதானமாக வாசித்தபோதுதான் என் மனத்தில் பதிந்தது. 15, 18 ஆகிய இரண்டு அதிகாரங்களில் மட்டுமே அவன் வருகிறான். (23ஆம் அதிகாரத்தின் வீரர் பட்டியலில் உள்ள ஈத்தாய் பென்யமீன் கோத்திரத்தான், அவன் வேறு.)

தாவீதின் மகன் அப்சலோம் எப்ரோனில் தன்னை ராஜாவாக அறிவித்த செய்தி வந்ததும், தாவீது எருசலேமை விட்டு நடந்தே வெளியேறுகிறான். ஆலோசகனான அகித்தோப்பேல் ஏற்கெனவே மகனின் பக்கம் போய்விட்டான். அந்த வேளையில், காத்திலிருந்து வந்த 600 பேர் தன் முன்னே அணிவகுத்துப் போவதைக் கண்ட தாவீது, ஈத்தாயை அழைத்து, நேற்று வந்த அந்நியனான உன்னை எங்களோடு இன்று அலையவிடலாமா, உன் சகோதரரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போ என்கிறான். தனக்கு ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட நாளில் ஓர் அரசன் இப்படிச் சொல்வதை எண்ணும்போதெல்லாம் நெகிழ்ந்துபோகிறேன்.

அந்நியனாக அலையும் வலி தாவீதுக்குப் புதிதல்ல. அரசன் சவுலுக்குப் பயந்து ஓடிய காலத்தில், 600 பேரையும் அவரவர் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு அவன் அடைக்கலம் தேடிய இடம் இதே காத். அதன் அரசன் ஆகீஸ், பெலிஸ்தப் பிரபுக்களின் சந்தேகத்தால் தாவீதைப் போர்க்களத்திலிருந்து திருப்பி அனுப்ப நேர்ந்தபோது, கர்த்தருடைய ஜீவன்மேல் ஆணையிட்டு அவனுடைய உத்தமத்துக்குச் சாட்சி சொன்னான். இப்போது காத் ஊரான் ஒருவன், திரும்பிப் போ என்று தாவீதே சொல்லக் கேட்டு, அதே கர்த்தருடைய ஜீவன்மேல் ஆணையிட்டு மறுக்கிறான்: சாவானாலும் வாழ்வானாலும் ராஜா இருக்கும் இடத்தில்தான் தானும் இருப்பேன் என்கிறான். அவனோடு குழந்தைகளும் எருசலேமை அடுத்த கீதரோன் ஓடையைக் கடந்தார்கள் என்று வேதம் குறிப்பிடுகிறது. கூலிக்குப் போரிடும் படைவீரன், தோற்கக்கூடிய பக்கத்துக்குத் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவானா? ‘குழந்தைகள்’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே அவனை நான் மதிக்கிறேன்.

யோர்தானுக்கு அப்பால் உள்ள மக்னாயீமில் தாவீது தன் படையை மூன்றாகப் பிரித்தபோது, யோவாபுக்கும் அபிசாய்க்கும் இணையாக ஈத்தாய் நியமிக்கப்பட்டான். அவ்விருவரும் தாவீதின் சகோதரி செருயாளின் மகன்கள். எதிரே அப்சலோமின் சேனாபதியாக நின்ற அமாசாவும் மற்றொரு சகோதரியின் மகன்தான். நான்கு தளபதிகளில் இரத்த உறவு இல்லாதவன் ஈத்தாய் ஒருவனே.

அவனுடைய பிரிவு எங்கே நின்றது, என்ன செய்தது என்று வேதம் சொல்லவில்லை. எப்பிராயீம் காட்டில் 20,000 பேர் மடிந்த பிறகு, மரத்தில் தொங்கிய அப்சலோமைக் கண்ட பெயரில்லாத ஒரு வீரன், ஆயிரம் வெள்ளிக்காசு கையில் கிடைத்தாலும் அவனைத் தொடமாட்டேன் என்று யோவாபிடம் மறுக்கிறான். உமக்கும் அபிசாய்க்கும் ஈத்தாய்க்கும், இளைஞனைக் காப்பாற்றுங்கள் என்று ராஜா கட்டளையிட்டதை எங்கள் காதாலேயே கேட்டோமே என்கிறான். யோவாப் மூன்று ஈட்டிகளை எடுத்துக்கொண்டு போனான். ஈத்தாயின் பெயர் வேதத்தில் கடைசியாக ஒலிப்பது அந்த வீரனுடைய வாயில்தான்.